கழிவுநீரில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழிவுநீர் மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை என்று சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். மாணவர்கள், சுத்திகரிப்பு நிலையத்தில் பணிபுரிபவர்கள், செய்தியைப் படித்துவிட்டுப் பதறுபவர்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாக்கிலேயே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ஆன்டிபயாடிக் எதிர்ப்பு என்றால், மருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு உடம்பு பழகிப்போவதுதானே?

உடம்புக்கு இதில் பங்கே இல்லை. மாறுவது பாக்டீரியா. சில பாக்டீரியாக்கள் மருந்தை வெட்டிச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தயாரிக்கின்றன. பென்சிலின் குடும்பத்து மருந்துகளை முறிக்கும் பீட்டா லாக்டமேஸ் இந்த வகை. சில, உள்ளே நுழைந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகின்றன. இன்னும் சில, மருந்து போய் ஒட்டவேண்டிய இடத்தையே உருமாற்றிக்கொள்கின்றன. இந்த வித்தைகள் எல்லாவற்றுக்கும் செய்முறை மரபணுவில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அதனால், ஆண்டுக்கணக்கில் ஆன்டிபயாடிக் பக்கமே போகாத ஒருவருக்கும் மருந்துக்கு அடங்காத தொற்று வரலாம். அந்தப் பாக்டீரியா வேறெங்கோ தேறி, வேறு யார் மூலமாகவோ வந்து சேர்ந்தது. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் தமது நோபல் உரையிலேயே, போதாத அளவில் மருந்தைக் கொடுத்தால் கிருமிகள் அதைத் தாங்கிக்கொள்ளக் கற்றுவிடும் என்று எச்சரித்தார். பிரச்சினை புதியதல்ல.

சரி, அது எப்படிச் சாக்கடைக்குப் போய்ச் சேர்கிறது?

குடல் வழியாக. ஒரு கிராம் மலத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. எந்த நோயும் இல்லாதவரின் குடலிலும் எதிர்ப்பு மரபணுக்கள் கொண்டவை சில இருக்கும். சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீரில் 100 மில்லி எடுத்தால், ஈ. கோலை என்ற ஒரே இனம் மட்டும் பொதுவாகப் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை தேறும்.

மருந்தும் கூடவே வருகிறது. நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக் முழுவதும் உடலில் கரைந்துபோவதில்லை. அமாக்சிசிலின் மாத்திரையில் பாதிக்கு மேல், சில மணி நேரத்துக்குள் உருமாறாமலேயே சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. இப்படி மருந்தும், மருந்தைத் தாங்கும் பாக்டீரியாவும், தாங்காத பாக்டீரியாவும் ஒரே குழாயில் பயணம் செய்கின்றன. கால்நடைப் பண்ணைகளிலிருந்தும் இதே கதைதான் வருகிறது. அங்கே பல இடங்களில் கழிவு குழாய்க்குக்கூடப் போகாமல் நேரே நிலத்துக்குப் போகிறது.

எல்லாவற்றுக்கும் மருத்துவமனைக் கழிவுநீர்தான் காரணம் என்கிறார்களே?

பாதி உண்மை. கடைசிக் கட்ட மருந்துகள் என்று ஒதுக்கிவைத்திருக்கும் கார்பபெனெம் போன்றவற்றுக்கும் அடங்காத பாக்டீரியாக்களை மருத்துவமனைக் குழாயில் அடர்த்தியாகப் பார்க்கலாம். ஆனால் ஒரு நகரத்தின் மொத்தக் கழிவுநீரில் மருத்துவமனைகளின் பங்கு மிகச் சிறியது. ஆன்டிபயாடிக் மருந்துகளில் பெரும்பகுதி உட்கொள்ளப்படுவதும் வீடுகளில்தான். ஆகவே மருத்துவமனைக் கழிவுநீரைத் தனியே சுத்திகரிப்பது நல்லது. அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு.

என்னைக் கேட்டால், விரல் நீட்டவேண்டிய இடம் மருந்து உற்பத்தி ஆலைகள். 2007இல் வெளியான ஓர் ஆய்வு, ஹைதராபாத் அருகே பட்டான்சேருவில் பல மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்த நிலையத்திலிருந்து வெளியேறிய நீரைச் சோதித்தது. ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. அந்த மாத்திரையைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் காணப்படும் அளவைவிட அது பல மடங்கு அதிகம். அதுவும் சுத்திகரித்த பிறகு! ஆன்டிபயாடிக் உற்பத்திக் கழிவுக்கென உலக சுகாதார நிறுவனம் தனி வழிகாட்டுதலை வெளியிட்டது 2024 செப்டம்பரில்தான். இடையே ஓடிய பதினேழு ஆண்டுகளுக்கு யாரிடமும் நல்ல விளக்கம் இல்லை.

சுத்திகரிப்பு நிலையம் பின்னே எதற்கு இருக்கிறது? அங்கே இவையெல்லாம் செத்துப்போகாதா?

சுத்திகரிப்பு நிலையம் கட்டப்பட்டது இதற்காக அல்ல. இன்று உலகெங்கும் பரவியிருக்கும் செயலூட்டிய கசடு முறையை ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1914இல் அறிவித்தார்கள். அப்போது பென்சிலினே கிடையாது. நீரில் கலந்திருக்கும் கரிமப் பொருளை, காற்றூட்டிய தொட்டியில் பாக்டீரியாவைக் கொண்டே தின்னவைத்து, தின்று கொழுத்த பாக்டீரியாவைக் கசடாக அடியில் படியவைத்து, தெளிந்த நீரை வெளியே விடுவது அதன் வேலை. ஆற்றில் மீன் சாகாமல் இருப்பதற்கு அது போதும். அந்த வேலையை அது நூறாண்டாக நன்றாகவே செய்துவருகிறது.

போகிற போக்கில் நோய்க்கிருமிகளும் குறைகின்றன. சில கசடோடு ஒட்டிப் படிந்துவிடும். சிலவற்றை ஒருசெல் உயிரிகள் மேய்ந்துவிடும். பொதுவாக 90 முதல் 99 சதவீதம் வரை குறையும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 100 மில்லியில் ஒரு கோடி இருந்த இடத்தில் 99 சதவீதம் போனாலும் ஒரு லட்சம் மிஞ்சும். சதவீதத்தை மட்டும் சொல்லி எத்தனை மிச்சம் என்று சொல்லாத அறிக்கையைக் கண்டால் அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள்.

காற்றூட்டத் தொட்டியில் பாக்டீரியாக்கள் மரபணுக்களை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்கின்றன என்று படித்தேன். அப்படியானால் சுத்திகரிப்பு நிலையமே எதிர்ப்பை வளர்க்கிறதா?

கொடுத்துக்கொள்கின்றன என்பது உண்மை. இறந்த பாக்டீரியாவின் மரபுப்பொருளை உயிருள்ளது உறிஞ்சிக்கொள்ளும் என்பதற்கான முதல் தடயத்தை 1928இல் ஃபிரெடெரிக் கிரிஃபித் கண்டார். இரண்டு பாக்டீரியாக்கள் நேரடியாக இணைந்து மரபணுவைக் கைமாற்றுவதை 1946இல் ஜோஷுவா லெடர்பெர்க்கும் எட்வர்ட் டாட்டமும் காட்டினார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களும் மரபணுக்களைச் சுமந்துபோகும். இவற்றில் நம்மை அதிகம் கவலைப்படவைப்பது நேரடி இணைப்பு. பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் ஐந்தாறு மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒன்றாக அமர்ந்திருக்கும். ஒரே கைமாற்றில் அத்தனையும் போய்விடும். கோலிஸ்டின் என்ற கடைசிக் கட்ட மருந்துக்கு எதிரான எம்சிஆர்-1 மரபணு, பிளாஸ்மிட்டில் ஏறிவிட்டது என்று 2015இல் சீனாவிலிருந்து தெரியவந்தபோது பலர் திடுக்கிட்டதற்குக் காரணம் அதுதான்.

காற்றூட்டத் தொட்டியின் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். பழுப்பு நிறத் திரள்கள், பஞ்சுப் பிசிறுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள், திரளின் விளிம்பில் காம்பு நீட்டி ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து மூடும் மணி வடிவ ஒருசெல் உயிரிகள். திரளுக்குள்ளே இடைவெளியே இல்லாமல் பாக்டீரியாக்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. பரிமாற்றத்துக்கு இதைவிடத் தோதான இடம் அமைவது கடினம்.

இருந்தும், நிலையத்தை எதிர்ப்பின் தொழிற்சாலை என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன். உள்ளே வரும் நீரையும் வெளியேறும் நீரையும் ஒப்பிட்டால், எதிர்ப்பு மரபணுக்களின் மொத்த எண்ணிக்கை பெரும்பாலும் குறைந்துதான் இருக்கிறது. குடலின் வெதுவெதுப்பில், ஆக்சிஜன் இல்லாமல் வாழ்ந்தவற்றுக்கு அந்தத் தொட்டி உகந்த வீடல்ல. அபாயம் வேறுவிதமானது: அரிதாக நடக்கும் ஒரு புதிய சேர்க்கை, சரியான நோய்க்கிருமியில் நடந்துவிட்டால், ஒன்றே போதும். அது எங்கே, எப்போது நடந்தது என்று பின்னால் துப்புத் துலக்குவது ஏறக்குறைய முடியாத காரியம்.

கடைசியில் குளோரின் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமே?

பாக்டீரியா முடிந்துவிடும். ஆனால் மரபணுவும் முடிந்துவிடும் என்று சொல்ல முடியாது. செல்லின் சுவரையும் நொதிகளையும் சிதைத்தாலே பாக்டீரியா இறந்துவிடும். உள்ளே இருக்கும் டிஎன்ஏ அதனால் துண்டு துண்டாகிவிடாது. புற ஊதாக் கதிரில் இந்த வித்தியாசம் துல்லியமாகத் தெரிகிறது. பெரும்பாலான பாக்டீரியாக்களைச் செயலிழக்கச் செய்ய ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில பத்து மில்லிஜூல் போதும். எதிர்ப்பு மரபணுக்களை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்க 200 முதல் 400 மில்லிஜூல் வரை தேவைப்பட்டதாக 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. கிருமிநீக்கத்துக்காக அமைக்கும் விளக்குகள் அந்த அளவுக்குத் திட்டமிடப்படுவதில்லை.

ஓசோன் ஓரளவு கைகொடுக்கும். மருந்து எச்சங்களையும் சேர்த்து உடைக்கும். சவ்வு வடிகட்டியின் துளைகள் பாக்டீரியாவைவிடச் சிறியவை என்பதால் செல்லுக்குள் இருக்கும் மரபணு செல்லோடு சேர்ந்து அங்கேயே நின்றுவிடும். வெளியே மிதக்கும் டிஎன்ஏவில் ஒரு பகுதி நழுவிப்போகும்.

அப்படியானால் குளோரின் வீணா என்று அடுத்த கேள்வி உடனே வரும். வீண் இல்லை. தனியாக மிதக்கும் டிஎன்ஏவை உறிஞ்சிக்கொள்ளும் திறன் எல்லாப் பாக்டீரியாக்களுக்கும் கிடையாது. அசினெட்டோபாக்டர் போன்ற சிலவற்றுக்கே இயல்பாக உண்டு. அனாதையாக மிதக்கும் மரபணுவைவிட, அதைச் சுமந்துகொண்டு நீந்தும் உயிருள்ள நோய்க்கிருமி பன்மடங்கு ஆபத்தானது. முதலில் நிறுத்தவேண்டியது அதைத்தான்.

படிந்த கசடை என்ன செய்கிறார்கள்? வயலில் உரமாகப் போடலாமா?

நீரிலிருந்து நீங்கியவை காற்றில் மறைந்துவிடவில்லை. கணிசமான பகுதி கசடில்தான் இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளும் கசடோடு இறுக ஒட்டிக்கொள்ளும் குணம் உடையவை. கசடை ஆக்சிஜன் இல்லாத கலனில் செரிக்கவைக்கும்போது வெப்பநிலை முக்கியம்: 35 டிகிரி செல்சியஸை ஒட்டி இயங்கும் கலனைவிட, 55 டிகிரியை ஒட்டி இயங்குவது குடல் பாக்டீரியாக்களை நன்றாகக் கொல்கிறது. முறையாகச் சூடேறிய மட்குக் குவியலும் அப்படியே. செரிக்காத, மட்காத பச்சைக் கசடை நிலத்தில் கொட்டுவதற்கு நான் எந்த நியாயமும் காணவில்லை.

எதிர்ப்பு மரபணுக்கள் இயற்கையிலேயே உண்டு என்கிறார்களே. பிறகு மனிதர்களைக் குறை சொல்வது எதற்கு?

உண்டுதான். 30,000 ஆண்டுகள் உறைந்துகிடந்த நிலத்திலிருந்து எடுத்த டிஎன்ஏவில் பீட்டா லாக்டம் (பென்சிலின் குடும்பம்), டெட்ராசைக்ளின், வான்கோமைசின் ஆகியவற்றுக்கு எதிரான மரபணுக்கள் இருந்ததை 2011இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வியக்க ஒன்றுமில்லை; நம் மருந்துகளில் பலவும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து எடுத்தவை. ஆயுதம் இருந்த இடத்தில் கேடயமும் இருந்தது.

மாறியது எண்ணிக்கையும் நடமாட்டமும். மண்ணில் ஏதோவொரு பாக்டீரியாவின் குரோமோசோமில் அசையாமல் இருந்த மரபணு, இன்று நோய்க்கிருமியின் பிளாஸ்மிட்டில் ஊர் சுற்றுகிறது. முதல் வகை இன்டெக்ரான் என்ற அமைப்பு, கிடைக்கும் எதிர்ப்பு மரபணுக்களை வரிசையாகக் கோத்து வைத்துக்கொள்ளும். மனிதக் கழிவு கலந்த நீரில் அது மலிந்திருப்பதால் மாசுக்கான அடையாளமாகவே அதை அளக்கிறோம். மேலும், பாக்டீரியாவைக் கொல்லும் அளவில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான மருந்துகூட, எதிர்ப்புள்ளவற்றுக்குச் சாதகமாக இருக்கும் என்பது 2011 முதலே ஆய்வகச் சோதனைகளில் தெரிந்த விஷயம். கழிவுநீரில் மருந்து நீர்த்துப்போய்விட்டது, இனி பயமில்லை என்று சொல்வதற்கு அதனால்தான் இடமில்லை. தாமிரம், துத்தநாகம், சில கிருமிநாசினிகள் ஆகியவையும் மறைமுகமாக இதே வேலையைச் செய்கின்றன. அவற்றைத் தாங்கும் மரபணுவும் மருந்தைத் தாங்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிட்டில் இருந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றதும் சேர்ந்து பிழைக்கிறது.

ஆய்வறிக்கையில் ‘எதிர்ப்பு மரபணு கண்டறியப்பட்டது’ என்று இருந்தால் ஆபத்து என்றுதானே பொருள்?

எப்படிக் கண்டறிந்தார்கள் என்று முதலில் பாருங்கள். பழைய முறை, தட்டில் வளர்ப்பது. ஒரே மாதிரியை இரண்டு தட்டுகளில் பூசுவோம்: ஒன்றில் வெறும் ஊட்டக்கூழ், மற்றதில் அதோடு செஃபோடாக்சைம் மருந்து. இரவு முழுக்க வெப்பப்பெட்டியில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்தால், மருந்தில்லாத தட்டில் ஈ. கோலை நீலப்பச்சைப் புள்ளிகளாக அப்பியிருக்கும். மருந்துள்ள தட்டில் விட்டு விட்டுச் சில. இரண்டின் விகிதமே விடை. அந்தச் சில புள்ளிகள் உயிரோடு இருக்கின்றன, மருந்தின்மேல் உட்கார்ந்தே வளர்ந்திருக்கின்றன என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. குறை என்னவென்றால், தட்டில் வளரச் சம்மதிக்கும் இனங்களை மட்டுமே இது காட்டும்.

பிசிஆர் முறை மரபணுவை நேரடியாக எண்ணும். அது உயிருள்ள செல்லில் இருந்ததா, செத்ததில் இருந்ததா, வெளியே மிதந்ததா என்று சொல்லாது. மாதிரியில் உள்ள எல்லா டிஎன்ஏவையும் வரிசைப்படுத்தும் முறை இன்னும் அகலமாகப் பார்க்கும். ஆனால் மிக அரிதானவற்றைத் தவறவிடும். 2011இல் புதுடெல்லியில், கார்பபெனெம் மருந்துகளை முறிக்கும் என்டிஎம்-1 மரபணுவைத் தேடியவர்கள், 50 குழாய்நீர் மாதிரிகளில் 2இலும், தெருவில் தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51இலும் அதைக் கண்டார்கள். அந்த முடிவு கனமானதாக இருந்ததற்குக் காரணம், மரபணுவோடு நிற்காமல் அதைச் சுமந்த பாக்டீரியாக்களையும் அவர்கள் வளர்த்துக் காட்டியதுதான்.

கழிவுநீரை யாரும் குடிப்பதில்லையே, பிறகு எப்படி அது நம்மிடம் திரும்பி வரும்?

தெரிந்து யாரும் குடிப்பதில்லை. குடிநீர்க் குழாயில் அழுத்தம் குறையும்போது விரிசல் வழியே உள்ளே கசியலாம். கழிவுநீர் பாய்ந்த வயலில் வேலை செய்பவரின் கையில் ஒட்டலாம். கடலில் விளையாடுபவரின் வாய்க்குள் போகலாம்: பிரிட்டனில் அலைச்சறுக்கு வீரர்களின் குடல் பாக்டீரியாவைச் சோதித்து 2018இல் வெளியான ஆய்வில், செஃபோடாக்சைமுக்கு அடங்காத ஈ. கோலை, கடல் பக்கம் போகாதவர்களைவிட அவர்களிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகக் காணப்பட்டது.

அவர்கள் யாரும் நோயாளிகள் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். குடலில் குடியேறுவது வேறு, நோய் வருவது வேறு. குடியேறியது மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுத் தானே மறையலாம். அறுவை சிகிச்சையோ சிறுநீர்த் தொற்றோ வரும் நேரத்தில் தலைதூக்கவும் செய்யலாம். நீரைக் கொதிக்கவைத்தால் எதிர்ப்புள்ள பாக்டீரியாவும் மற்றவற்றைப் போலவே சாகும். மருந்தைத் தாங்கும் திறன் சூட்டைத் தாங்க உதவாது.

மிச்சமான மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டினால் என்ன?

கொட்டாதீர்கள், திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் அங்கே கொடுங்கள். அளவைப் பார்த்தால் இது சிறுநீர் வழியே போவதைவிடக் குறைவுதான். தேவையில்லாத மாத்திரையை விழுங்காமல் இருப்பது இதைவிடப் பெரிய உதவி.

கழிவுநீரைப் பார்த்தே ஓர் ஊரின் நிலைமையைச் சொல்லிவிட முடியுமா?

போலியோவுக்கும் கொரோனாவுக்கும் செய்ததை இதற்கும் செய்ய முடிகிறது. 2019இல் வெளியான ஆய்வொன்று 60 நாடுகளில் 79 இடங்களின் கழிவுநீரை ஒரே முறையில் ஒப்பிட்டது. எதிர்ப்பு மரபணுக்களின் அளவு, அந்தந்த நாட்டின் சுகாதார வசதி, மக்களின் உடல்நலம் ஆகியவற்றோடு வலுவாக ஒத்துப்போனது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்திய நகர்ப்புறக் கழிவுநீர்ச் சட்டத்தில், ஒரு லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகைக்கு ஈடான கழிவுநீர் வரும் இடங்களில் ஆன்டிபயாடிக் எதிர்ப்பைக் கண்காணிக்கவேண்டும் என்று சேர்த்திருக்கிறது. நோயாளிகளைத் தனித்தனியே சோதிக்க வசதியில்லாத இடங்களுக்கு இது நல்ல வழி. ஆனால் யாருக்கு எந்த மருந்து எழுதுவது என்பதைச் சாக்கடையைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது.

கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது. ஓசோன் இயந்திரம் வாங்குவதா, வேறு ஏதாவது செய்வதா?

கழிவுநீர் முழுவதும் நிலையத்துக்கு வந்து சேர்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் குழாய் போடுங்கள், கழிப்பறை கட்டுங்கள், கசிவை அடைத்துவிடுங்கள். பாதிக் கழிவுநீர் நேரே ஆற்றில் விழும் இடத்தில், மீதிப் பாதிக்கு ஓசோன் ஊட்டுவதால் பெரிதாக ஒன்றும் மாறாது. 103 நாடுகளின் தரவை வைத்து 2018இல் வெளியான ஒப்பீட்டில், எதிர்ப்பு குறைவாக இருப்பதோடு நல்ல அடிப்படைக் கட்டமைப்பும் நல்ல நிர்வாகமும் தொடர்புபட்டிருந்தன. ஆன்டிபயாடிக் பயன்பாட்டின் அளவோடு அவ்வளவு தெளிவான தொடர்பு தெரியவில்லை. இத்தகைய ஒப்பீடு காரணத்தை நிரூபிக்காது. ஆனாலும் என் அனுபவத்தோடு அது ஒத்துப்போகிறது.

மருந்து ஆலையின் கழிவு மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதைப் பொது நிலையத்தில் நீர்த்துப்போக விடாமல், ஆலையின் வாசலிலேயே, ஆலையின் செலவிலேயே முறிக்கவேண்டும். காரணம் மேலே பட்டான்சேரு பற்றிச் சொன்ன பதிலில் இருக்கிறது.

நாளைக்கே ஆன்டிபயாடிக் பயன்பாட்டை நிறுத்திவிட்டால் இந்த மரபணுக்கள் தானாக மறைந்துவிடுமா?

சில குறையும். எதிர்ப்பு மரபணுவைச் சுமப்பது பாக்டீரியாவுக்கு ஒரு செலவு; மருந்தில்லாத சூழலில் சுமக்காதவை முந்திக்கொள்ளும். கால்நடைத் தீவனத்தில் கலந்த, வான்கோமைசினின் உறவு மருந்தான அவோபார்சினை டென்மார்க் 1995இல் தடைசெய்த பிறகு, வான்கோமைசினுக்கு அடங்காத என்டெரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியா அங்கே பண்ணைக் கோழிகளில் வெகுவாகக் குறைந்தது.

எல்லா மரபணுவும் அவ்வளவு எளிதில் விடைபெறுவதில்லை. சல்ஃபோனமைடு அடங்கிய கூட்டு மருந்தான கோட்ரைமாக்சசோல் பரிந்துரைப்பு பிரிட்டனில் 1991க்கும் 1999க்கும் இடையே 97 சதவீதம் சரிந்தது. அதே காலத்தில் சல்ஃபோனமைடை எதிர்க்கும் ஈ. கோலையின் பங்கு, லண்டன் மருத்துவமனை ஒன்றின் மாதிரிகளில் 39.7 சதவீதத்திலிருந்து 46 சதவீதமாக உயர்ந்தது. மேலே தாமிரம், துத்தநாகம் பற்றிச் சொன்ன அதே விளக்கம் இங்கும் பொருந்தும்: அந்த மரபணுக்கள் இருந்த பிளாஸ்மிட்டுகளில் வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பும் இருந்தது; அந்த மருந்துகளை யாரும் நிறுத்தவில்லை.